பள்ளி முன்னே "30" பலகை இருந்தும் வண்டிகள் ஏன் வேகம் குறைப்பதில்லை?

கேள்வி இதுதான்: பள்ளி வாசலில் குழந்தைகள் படம் போட்ட முக்கோணப் பலகை இருக்கிறது, பக்கத்திலேயே 30 என்று எழுதிய வட்டப் பலகையும் இருக்கிறது. அப்படியும் காலை நேரத்தில் வண்டிகள் பறக்கின்றன. இன்னும் நாலு பலகை வைக்கச் சொல்லலாமா, போலீஸை நிறுத்தச் சொல்லலாமா, கேமரா கேட்கலாமா?

இன்னும் நாலு பலகை வேண்டாம். இருக்கிற இரண்டும் சரியான இடத்தில், சட்டப்படி செல்லும்படி நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அடுத்து, அந்தச் சாலையில் வண்டிகள் உண்மையில் என்ன வேகத்தில் போகின்றன என்று அளந்து பாருங்கள். போலீஸா, கேமராவா, வேகத்தடையா என்பது அந்த அளவைப் பொறுத்தது.

30 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மனு கொடுக்கப் போகும்போது அதிகாரிகள் முதலில் கேட்பதே அதைத்தான். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். 30 கி.மீ. என்றால் 8 மீட்டருக்குச் சற்று மேல். ஓட்டுநர் குழந்தையைப் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்த ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த சாலை, நல்ல டயர் என்றால் 30-இல் வந்த கார் 13 மீட்டருக்குள் முழுதாக நின்றுவிடும். அதே 13 மீட்டரில் 50-இல் வந்த காரின் பிரேக் இன்னும் வேலை செய்யவே தொடங்கியிருக்காது. 13 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை சாலையில் இறங்கினால் முதல் கார் குழந்தையைத் தொடாமல் நிற்கும். இரண்டாவது கார் முழு 50 வேகத்தில் மோதும். நடுவே "கொஞ்சம் மெதுவாக மோதும்" என்ற நிலையே கிடையாது. சாலை ஈரமாக இருந்தால் நிற்கும் தூரம் 30-க்கு 17 மீட்டரும் 50-க்கு 38 மீட்டரும் ஆகிவிடும்.

இதோடு குழந்தையின் உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆறு ஏழு வயதுக் குழந்தை சுமார் 120 செ.மீ. உயரம் இருக்கும். ஓரம் நிறுத்திய சாதாரண கார் 145 முதல் 150 செ.மீ. இருக்கும். இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து குழந்தை வெளியே வரும்வரை ஓட்டுநருக்கு அது தெரியவே தெரியாது; குழந்தைக்கும் வண்டி தெரியாது. தெரிந்தாலும், ஆரம்பப் பள்ளி வயதில் நெருங்கி வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கும் திறன் முழுதாக வளர்ந்திருக்காது. குழந்தையிடம் "பார்த்துக் கட" என்று சொல்வது அவசியந்தான். ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு சாலையை விட்டுவைக்கக் கூடாது.

இனி பலகைக்கு வருவோம். முக்கோணமும் வட்டமும் ஒன்றல்ல. சாலைப் பலகைகள் பற்றிய 1968-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தைப் பின்பற்றும் நாடுகளில், முனை மேலே இருக்கும் சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் எச்சரிக்கை மட்டுமே. "முன்னால் குழந்தைகள் வரலாம், கவனம்" என்கிறது, அவ்வளவுதான். சிவப்பு வளையத்துக்குள் எண் இருந்தால்தான் அது கட்டளை. அமெரிக்காவில் இதே வேலையை ஐங்கோணப் பலகை செய்கிறது. கண்ணில் குத்தும் மஞ்சள்-பச்சை நிறம் அதற்கு. அங்கும் ஐங்கோணம் எச்சரிக்கை. கட்டளை என்பது அதனுடன் வரும் வெள்ளைச் செவ்வக வேக வரம்புப் பலகை. உங்கள் பள்ளி முன் முக்கோணம் மட்டும் இருந்தால் 45-இல் போகிறவர் மீது பள்ளிப் பகுதி வேகத்தை மீறியதாக வழக்குப் போட பொதுவாக வழியில்லை. "பலகை வைத்தும் போலீஸ் பிடிப்பதில்லை" என்ற மனக்குறைக்குப் பின்னால் பல இடங்களில் இருப்பது இதுதான்.

வட்டப் பலகை இருந்தாலும் அதற்குப் பின்னால் ஓர் உத்தரவு இருக்க வேண்டும். எந்தச் சாலை, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எந்த நேரத்தில், என்ன வேகம் என்று அதிகாரம் உள்ளவர் பிறப்பித்த எழுத்து உத்தரவு. பலகை அந்த உத்தரவைச் சாலையில் அறிவிக்கும் கருவிதான். பள்ளி நிர்வாகமோ, உதவ முன்வந்த நிறுவனமோ தன் பெயரையும் விளம்பரத்தையும் போட்டு அச்சடித்து மாட்டிய "மெதுவாகச் செல்லவும்" பலகைக்குச் சட்டத்தின் முன் மதிப்பில்லை. அது தரமான பலகையை மறைத்தால் கெடுதலும்கூட. ஆகவே முதல் வேலை, அந்த உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குவது. உத்தரவில் உள்ள எல்லையும் சாலையில் பலகை நிற்கும் இடமும் பொருந்துகின்றனவா என்று நடந்து பாருங்கள். பொருந்தாவிட்டால், பிடிபட்டவர் முறையிட்டால் அபராதம் நிற்காது.

எல்லை என்றதும் பலரும் மறந்துவிடுவது பக்கத்துத் தெருக்களை. பெரிய சாலையில் இரண்டு முனைகளிலும் பலகை இருக்கும். நடுவில் வந்து சேரும் சந்திலிருந்து திரும்புகிறவர் எந்தப் பலகையையும் பார்த்திருக்க மாட்டார். ஒவ்வொரு நுழைவிலும் தொடக்கப் பலகை வேண்டும். பகுதி முடியும் இடத்தில் முடிவுப் பலகையும் வேண்டும். முடிவுப் பலகை இல்லாத இடத்தில் ஓட்டுநர் தானாக ஒரு முடிவை வைத்துக்கொள்கிறார், பெரும்பாலும் பள்ளிச் சுவர் முடிவதற்கு வெகு முன்பே.

எங்கே நட வேண்டும் என்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. கேட்டுக்கு எதிரே பலகை நட்டால் பார்க்க அழகாக இருக்கும், பயன் இருக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 50-இல் வருகிறவர் எண்ணைப் பார்த்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க இரண்டு விநாடி, அதாவது 28 மீட்டர். பின்னால் வருகிறவர் மோதாதபடி இதமாகப் பிரேக் பிடித்து 30-க்கு இறங்க இன்னொரு 40 மீட்டர். ஆக, குழந்தைகள் கடக்கும் முதல் இடத்துக்கு ஏறத்தாழ 70 மீட்டர் முன்னாலேயே வேகப் பகுதி தொடங்கிவிட வேண்டும். எச்சரிக்கை முக்கோணம் அதற்கும் முன்னால். கேட்டிலிருந்து அளக்காதீர்கள். பேருந்து நிறுத்தத்தில் இறங்கிய பிள்ளைகள் கேட்டுக்கு 80 மீட்டர் தள்ளியே சாலையைக் கடந்துவிடுவார்கள்; எதிரே கடை இருந்தால் அங்கே ஒரு கூட்டம் கடக்கும். இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் நின்று, பிள்ளைகள் உண்மையில் எங்கெங்கே கடக்கிறார்கள் என்று ஒரு காகிதத்தில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படந்தான் எல்லையைத் தீர்மானிக்க வேண்டும். தென்கொரியாவில் பள்ளிப் பகுதி பொதுவாக வாசலிலிருந்து 300 மீட்டர் வரை நீள்கிறது.

பலகையின் உடல் நிலையையும் பார்க்க வேண்டும். கீழ் விளிம்பு நடைபாதையிலிருந்து சுமார் 2.1 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஆள் தலையில் இடிக்காது, ஓரம் நிற்கும் கார் மறைக்காது. பஸ்ஸும் லாரியும் மறைக்கும். அதனால் ஒரே திசையில் இரண்டு வரிசை வண்டிகள் போகும் சாலையில் இரு பக்கமும் பலகை தேவை. மரக்கிளை, சுவரொட்டி, புதிதாக வந்த மின்கம்பம் இவையெல்லாம் நட்ட பிறகு வரும் தொல்லைகள். இரவிலும் விடியலிலும் தெரிகிறதா என்று சோதிக்க ஒரு எளிய வழி: இருட்டிய பின் 30 மீட்டர் தள்ளி நின்று, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடியுங்கள். நல்ல பிரதிபலிப்புத் தாள் பளிச்சென்று திரும்ப ஒளிரும். சாம்பல் நிறமாகத் தெரிந்தால் தாள் செத்துவிட்டது. பகலில் பளபளப்பாக இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். டார்ச்சை இடுப்பில் பிடித்தால் சோதனை பொய்க்கும், ஏனென்றால் அந்தத் தாள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். உங்கள் கண்ணுக்கு வராது.

அடுத்தது நேரம். "பள்ளி நாட்களில் மட்டும், காலை 7.30 முதல் 9 வரை, மாலை 3 முதல் 4.30 வரை" என்று வட்டத்துக்குக் கீழே சிறு தகடு மாட்டுகிறார்கள். எழுத்தின் உயரம் ஒரு செ.மீ. என்றால் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் தூரத்திலிருந்து படிக்கலாம் என்பது பொதுக் கணக்கு. 5 செ.மீ. எழுத்து 18 மீட்டருக்குள் வந்தால்தான் புரியும். 50 வேகத்தில் அது 1.3 விநாடி. சுழியும் கொம்பும் உள்ள எழுத்துகளுக்கு இன்னும் கடினம். அந்த நேரத்துக்குள் இரண்டு வரி படித்து, மணி பார்த்து, இன்று விடுமுறையா என்று யோசித்து முடிவெடுக்க யாராலும் முடியாது. "குழந்தைகள் இருக்கும்போது" என்ற வாசகம் இன்னும் மோசம். ஒரு குழந்தை சுவருக்குள் நின்றால் அது "இருப்பது"தானா என்று வாதிடுவதிலேயே வழக்கு நேரம் போகும்.

இதற்கு நல்ல தீர்வு, பலகையோடு சேர்ந்த மினுக்கும் மஞ்சள் விளக்கு. விளக்கு எரிந்தால் வரம்பு அமலில் இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை. சிங்கப்பூரில் பள்ளிப் பகுதிகளில் விளக்கு மினுக்கும்போது 40 கி.மீ. என்ற முறை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில் பள்ளி நாட்களில் பொதுவாகக் காலை 8 முதல் 9.30 வரையும் பிற்பகல் 2.30 முதல் 4 வரையும் 40 கி.மீ. வரம்பு, மாநிலம் முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரம் என்பதால் ஓட்டுநர்களுக்கு அது பழகிவிட்டது. சாலையின் இரு ஓரங்களிலும் வரிசையாக வெள்ளை முக்கோணப் பற்களும் வரைகிறார்கள்; பலகையைத் தவறவிட்டவருக்கும் தரை சொல்லிவிடும்.

விளக்கில் வரும் கோளாறு டைமரில்தான் தொடங்கும். விடுமுறை நாளிலும் மினுக்கிக்கொண்டிருக்கும் விளக்கை ஒரு மாதம் பார்த்த ஓட்டுநர், பள்ளி நாளிலும் அதை மதிக்கமாட்டார். ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளியின் விடுமுறைப் பட்டியலை டைமரில் ஏற்றவேண்டிய பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் இருக்க வேண்டும். தேர்வுக் காலத்தில் பள்ளி விடும் நேரம் மாறும், அதையும் சேர்க்க வேண்டும். சூரிய மின்கலத்தில் ஓடும் விளக்கு என்றால் தொடர் மழை நாட்களில் பேட்டரி இறங்கி, சரியாக ஆபத்து அதிகமான அந்த நாட்களிலேயே அணைந்துவிடும். கொள்ளளவு கேட்கும்போது வெயில் இல்லாத நாட்கள் எத்தனை தாங்கும் என்று கேளுங்கள்.

குறுகலான உள்தெரு, நாள் முழுக்கப் பிள்ளைகள் நடமாடும் இடம் என்றால் நேரத் தகடும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். எப்போதும் 30 என்று வைத்துவிடுவதே மேல் என்பது என் கருத்து. விளக்கும் நேரக் கட்டுப்பாடும் போக்குவரத்து மிகுந்த பெரிய சாலைகளுக்கே பொருந்தும்.

இப்போது அளவீடு. உங்களிடம் ஸ்பீட் கன் தேவையில்லை. நேரான சாலையில் 50 மீட்டர் நீளத்தை அளந்து இரு முனையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். முன்சக்கரம் முதல் கோட்டைத் தொடும்போது ஸ்டாப்வாட்சைத் தட்டி, இரண்டாம் கோட்டில் நிறுத்துங்கள். 6 விநாடி என்றால் 30 கி.மீ.; 4.5 விநாடி என்றால் 40, 3.6 விநாடி என்றால் 50. நாலு பேர் மஞ்சள் சட்டையோடு சாலையோரம் நின்றால் எல்லாரும் மெதுவாகத்தான் போவார்கள். கண்ணில் படாமல் நில்லுங்கள். முன்னால் வண்டி இல்லாமல் தன் விருப்பப்படி ஓடும் வண்டிகளை மட்டும் எடுங்கள்; நெரிசலில் ஊர்வதை அளந்தால் ஏமாந்துபோவீர்கள். இப்படி 100 வண்டி. கைக்கடிகாரப் பிழை கால் விநாடி வரை இருக்கும், ஆகவே இது யாருக்கும் அபராதம் போட உதவாது; சாலையின் குணத்தைச் சொல்ல உதவும்.

அந்த 100 வேகங்களையும் குறைவிலிருந்து அதிகமாக அடுக்கி 85-ஆவது எண்ணைப் பாருங்கள். போக்குவரத்துப் பொறியாளர்கள் பேசும் மொழி இதுதான். அது 34, 35 என்று வந்தால் பெரும்பாலோர் மதிக்கிறார்கள். மிச்சமுள்ள சிலரைப் பிடிக்க ஆள் போதும். 48 என்று வந்தால் சாலையே 48-ஐக் கேட்கிறது என்று பொருள்: அகலமாக, நேராக, தடையில்லாமல் இருக்கிறது. அங்கே போலீஸை மட்டும் நிறுத்தினால் அவர் நிற்கும் நாளில் மட்டும் 30 இருக்கும்.

இப்படிப்பட்ட சாலைக்கு முதல் மருந்து தரையில். வட்ட முதுகுள்ள வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது என்றால் 25, 30-இல் போகிறவருக்கு இதமாகவும் 50-இல் போகிறவருக்கு உலுக்கலாகவும் இருக்கும். ஒரு முழ அகலத்தில் தார் கொட்டி எழுப்பும் திடீர் மேடு வேறு சாதி. கார் அதில் வேகமாகத் தாவிவிடும், இருசக்கர வண்டி சறுக்கும், ஆம்புலன்ஸில் படுத்திருப்பவருக்கு முதுகு போகும். பள்ளி வாசலுக்கு மிகப் பொருத்தமானது உயர்த்திய நடைக்கடவை: ஜீப்ரா கோடுகளையே நடைபாதை மட்டத்துக்கு ஏற்றித் தட்டையான மேடாக்குவது. பிள்ளை கீழே இறங்காமல் கடக்கிறது, வண்டி மேலே ஏற வேண்டியிருக்கிறது. யாருடைய இடம் என்பது ஓட்டுநரின் சக்கரத்துக்கே தெரிந்துவிடும். மழைநீர் தேங்காதபடி ஓரத்தில் வடிகால் விட மறந்தால் முதல் மழையிலேயே பிள்ளைகள் மேட்டைச் சுற்றிக்கொண்டு சாலையில் நடப்பார்கள். ஒரே ஒரு தடை வைத்தால் அதைத் தாண்டியதும் வேகம் ஏறிவிடும். 60 முதல் 100 மீட்டருக்கு ஒன்று வேண்டும்.

கண்காணிப்பில் எல்லாரும் அபராதத் தொகையைக் கூட்டச் சொல்கிறார்கள். தொகையைவிடப் பிடிபடுவோம் என்ற நிச்சயந்தான் ஓட்டுநரை மாற்றுகிறது. போலீஸ் ஒரு காலை நின்றால் அதன் பாதிப்பு சில நாள் தங்கும், பிறகு கரையும். மாதத்தில் ஒரு முழு வாரம் நிற்பதைவிட, அதே மணிநேரங்களைப் பிரித்து, எந்த நாள் என்று தெரியாதபடி நிற்பது நல்லது. பள்ளி திறக்கும் முதல் இரண்டு வாரம் மட்டும் விதிவிலக்கு. அப்போது தினமும் வேண்டும்.

கேமராவுக்கு நியூயார்க் நல்ல பாடம். 2013-இல் சட்டம் வந்தது. தொடக்கத்தில் 20 பள்ளிப் பகுதிகள், 2019-இல் 750 வரை அனுமதி. பள்ளியிலிருந்து கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டருக்குள்தான் கேமரா வைக்கலாம். வரம்பைவிட மணிக்கு 10 மைலுக்கு மேல் போனால்தான் சீட்டு. அபராதம் 50 டாலர், வண்டி உரிமையாளருக்கு. முதலில் பள்ளி நேரத்தில் மட்டும் இயங்கிய கேமராக்கள் 2022 ஆகஸ்ட் 1 முதல் 24 மணி நேரமும் இயங்குகின்றன, ஏனென்றால் உயிரிழப்பு விபத்துகள் இரவிலும் வார இறுதியிலும் நடந்துகொண்டிருந்தன. சிறிய அபராதந்தான், ஆனால் தப்புவது கடினம். சீட்டு வாங்கிய வண்டிகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டுக்கு மேல் வாங்கவில்லை.

டொராண்டோ வேறு பாடம். அங்கே பள்ளிப் பகுதிகளில் கேமரா இருந்த காலத்தில் வேகம் மீறிய வண்டிகளின் பங்கு 45 சதவீதம் குறைந்ததாக 2025-இல் ஓர் ஆய்வு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஒன்டாரியோ மாநில அரசு வேகக் கேமராக்களையே தடை செய்துவிட்டது. வசூலுக்கான கருவி என்ற பெயர் அதற்கு வந்துவிட்டிருந்தது. கேமரா கேட்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். கேமராவுக்கு முன்னால் பெரிதாக அறிவிப்பு இருக்க வேண்டும், முதல் மாதம் அபராதமில்லாத எச்சரிக்கைக் கடிதம் போக வேண்டும், கேமரா சரியாக அளக்கிறது என்ற சான்று காலாவதியாகாமல் இருக்க வேண்டும், வந்த பணம் அந்தச் சாலைகளுக்கே செலவாவது தெரிய வேண்டும். வரம்பு மாறிய உடனே, பலகைக்கு அடுத்த பத்தாவது மீட்டரில் கேமரா வைப்பது சரியல்ல.

பள்ளி வாசலில் விதி மீறுகிறவர்களில் கணிசமானவர்கள் அதே பள்ளியின் பெற்றோர்கள். வேகத்தில் இல்லாவிட்டாலும் நிறுத்துவதில். நடைக்கடவையின் மேலேயே காரை நிறுத்தி, கதவைச் சாலைப் பக்கம் திறந்து பிள்ளையை இறக்குவார்கள். அந்தக் கார் பின்னால் வரும் நூறு பிள்ளைகளை மறைக்கும். பிரிட்டனில் வாசலுக்கு முன் மஞ்சள் நெளிகோடு போட்டு, அந்த நீளத்தில் பிள்ளையை இறக்கக்கூட நிற்கக் கூடாது என்கிறார்கள். இறக்கும் இடம் ஒன்று ஒதுக்கினால் போதுமே என்று தோன்றும். மூன்று கார் நிற்கும் இடம், ஒரு காருக்கு ஒரு நிமிடம் என்றால், உச்சமான 15 நிமிடத்தில் 45 கார்தான் வந்து போக முடியும். 150 கார் வரும் பள்ளிக்கு அது போதாது. இறக்கும் இடத்தை 200, 300 மீட்டர் தள்ளி வைத்து அங்கிருந்து நடத்திக் கூட்டிவருவதும், கீழ் வகுப்புக்கும் மேல் வகுப்புக்கும் 20 நிமிட இடைவெளி விடுவதும் பெரிய மாற்றம் தரும். இத்தாலியின் போல்சானோ நகரம் 1989 வாக்கிலேயே பள்ளி விடும் நேரத்தில் வாசல் தெருவைத் தடுப்பு வைத்து மூடத் தொடங்கியது. இன்று லண்டனில் அதையே நம்பர் பிளேட் படிக்கும் கேமராவால் செய்கிறார்கள். மாற்று வழி உள்ள சிறு தெரு என்றால் இதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை.

கையில் "நில்" பலகையோடு பெற்றோர் யாராவது போக்குவரத்தை நிறுத்தலாமா என்றால், முதலில் அதிகாரம் பெற வேண்டும். சில நாடுகளில் பயிற்சி பெற்ற காவலருக்கு மட்டுமே வண்டியை நிறுத்தும் உரிமை உண்டு. உரிமையில்லாதவர் கையை நீட்டி, பிள்ளைகள் அதை நம்பி இறங்கி, வண்டி நிற்காவிட்டால் விளைவு தாங்கமுடியாது.

மனுவில் கோபத்தைவிட அளவுகளை எழுதுங்கள்: கடக்கும் இடங்களின் படம், 100 வண்டி அளவீடும் 85-ஆவது எண்ணும், ஒவ்வொரு பலகையின் புகைப்படமும் அதை மறைப்பது என்ன என்பதும், பக்கத்துத் தெருக்களில் பலகை இல்லாத நுழைவுகள், உத்தரவின் எண். ஓட்டுநரின் கண்மட்டத்திலிருந்து, 70 மீட்டர் தள்ளி எடுத்த ஒரு படம் பத்துப் பக்க விளக்கத்துக்குச் சமம். வேலை முடிந்தபின் மூன்று மாதம் கழித்து அதே கோடுகளில், அதே நேரத்தில், மறுபடி 100 வண்டி அளங்கள். முதல் வாரக் குறைவை நம்ப வேண்டாம். அடுத்த ஆண்டு பள்ளி திறக்கும் காலையில் ஒருவர் அரை மணி முன்னதாகப் போய், விளக்கு சரியான நேரத்தில் மினுக்கத் தொடங்குகிறதா என்று பார்க்கட்டும்.